ட்வீட்டருக்குள் பாவாயி

"மாத்தி மாத்தி ட்வீட்டர் போட்டுப் பாத்துட்டேன், வாத்தியாரம்மா. ஒண்ணுகூட வாயைத் தொறக்க மாட்டேங்குது."

நாச்சிமுத்து தன் பெட்டியைச் சுகந்தியின் மேசைமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

அவருக்கு எழுபதை நெருங்குகிற வயது. சுகந்திக்கு அதில் பாதி. பள்ளிபாளையத்தில் பழுதான ஸ்பீக்கர்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுக்கிற கடை அவளுடையது. தறிக்குப் போவதை நிறுத்திய பிறகு, ஸ்பீக்கர் பெட்டி செய்யக் கற்றுக்கொடு என்று அவளிடம் வந்து சேர்ந்தவர் இவர். வாத்தியாரம்மா என்று அவர் கூப்பிடுவதை முதலில் கேலி என்றுதான் அவள் நினைத்தாள். கேலி இல்லை.

சுகந்தி வாயால் அதிகம் கற்றுக்கொடுக்க மாட்டாள். கேள்வி கேட்டால் சால்டரிங் அயர்னை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள்.

பெட்டி அவரே அறுத்து ஒட்டியது. கீழே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வூஃபர், தடித்த சத்தங்களுக்கு. மேலே ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ட்வீட்டர், மெல்லிய, கூர்மையான சத்தங்களுக்கு. தடித்தது ட்வீட்டருக்குள் போய் அதைக் கருக்கிவிடாமல் தடுக்க ஒரு கெப்பாசிட்டர். போன மாதம் சத்தம் கூடும் என்று அந்தக் கெப்பாசிட்டரைப் பிடுங்கி எறிந்து, ஒரு ட்வீட்டரைக் கருக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன பாட்டுங்க போட்டீங்க?"

"எங்க பஜனைதான்."

வேறு பாட்டு அவர் போட்டதே இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாள் கோயில் பஜனை. யாரோ போனில் பிடித்து, பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தது. அதில் ஜால்ரா போடுவது அவர் மனைவி பாவாயி. பாவாயிக்குப் பாட வராது. கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து ஜால்ரா மட்டும் போடுவாள்.

போன தை மாதம் பாவாயி இறந்துபோனாள்.

அவள் குரல் எதிலும் பதிவாகி இருக்கவில்லை. அந்த ஜால்ராதான் மிச்சம்.

"போன்ல போட்டேன், கேக்கல. டிவியில சொருகினேன், கேக்கல. பாடறவர் பாடறாரு, டோலக் அடிக்கறான், அவ மட்டும் இல்ல. நல்ல பெட்டியாச் செஞ்சா வந்துருவான்னு நெனச்சேன்."

"ம்."

"அவ பேசோணும்னு கேக்கல, அம்மணி. அவ அங்க இருக்கற சத்தம் போதும்."

சுகந்தி பெட்டியை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, பென் டிரைவைச் சொருகிப் பாட்டை ஓடவிட்டாள்.

எதிர்க்கடையில் தைத்துக்கொண்டிருந்த ஜமீலா மிஷினை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்தினாள்.

"அக்கா, அந்தச் சனியனை நிறுத்து! காது கிழியுது!"

நாச்சிமுத்து சிரித்தார். "பஜனைன்னா என்னன்னு தெரியாத புள்ள."

சுகந்தி ட்வீட்டர் ஒயரில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சேர்த்தாள்.

"என்ன பண்ற?"

"ட்வீட்டரைக் குறைக்கறேனுங்க."

"கூட்டித் தருவேன்னு வந்தா, குறைக்கறயே!"

"வூஃபரோட சத்தத்துக்கு மேல இது நிக்குதுங்க. ரெண்டும் சமமா வரோணும்."

"வூஃபரைக் கேக்கவா நான் வந்தேன்?"

அவள் சால்டரிங் அயர்னை அவர் கையில் கொடுத்தாள். "ட்வீட்டரோட ரெண்டு ஒயரையும் மாத்தி ஒட்டுங்க. நீங்க ஒட்டியிருக்கறதுல வூஃபர் முன்னால தள்ளறப்ப ட்வீட்டர் பின்னால இழுக்குது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினார். ஈயம் ஒரு பொட்டு மேசையில் விழுந்தது. சுகந்தி அதைப் பார்க்காதவள்போல இருந்தாள்.

பாட்டு மறுபடி ஓடியது.

நாச்சிமுத்து அயர்னைக் கீழே வைத்தார். "அட! பாடறவர் முன்னால வந்து உக்காந்துட்டாரே!"

"ரெண்டும் எந்த எடத்துல சேருதுன்னு தெரியுதுங்களா?"

அவர் குனிந்து வூஃபரில் காதை வைத்தார். மெதுவாக மேலே வந்தார். மறுபடி கீழே போனார்.

"தெரியல. ஒரே வாயில இருந்து வர்றாப்ல இருக்குது."

"அவ்வளவுதானுங்க வேலை."

"அவ்வளவுதானா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "பாவாயி எங்க?"

சுகந்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஜால்ரா கடை முழுக்கக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது.

"இப்பவும் கேக்கலைங்களா?"

"இப்பவும்தான்."

"தறிக்கு எப்ப இருந்துங்க போனீங்க?"

"மீசை மொளைக்கறதுக்கு முன்னாலருந்து. அதுக்கும் இதுக்கும் என்ன?"

அவள் வூஃபரின் ஒயரைக் கழற்றினாள்.

நாச்சிமுத்துவுக்குப் பெட்டி ஊமையாகிவிட்டது.

"ஒயர் வந்துருச்சு பாரு."

"நான் கழட்டுனதுதானுங்க. ட்வீட்டர் மட்டும் ஓடுது."

"எங்க ஓடுது? பொணமாட்டம் கெடக்குது."

சுகந்தி எதிர்க்கடையைக் காட்டினாள்.

ஜமீலா ஒரு ஜாக்கெட் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்க்கவில்லை. அவள் தலை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கால் கட்டைவிரல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

சுகந்தி ட்வீட்டரின் ஒயரையும் கழற்றினாள்.

ஜமீலாவின் தலை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்க்கா நிறுத்திட்ட? இப்பத்தான நல்லா இருந்துச்சு."

சுகந்தி மாட்டினாள். ஜமீலா குனிந்து கோடு போட்டாள். தலை மறுபடி ஆடியது.

நாச்சிமுத்து பெட்டியைப் பார்த்தார். ஜமீலாவைப் பார்த்தார். ஆயுசெல்லாம் தறி இரைச்சலில் கிடந்த காதுக்கு அவர் கை தானாகப் போயிற்று.



"அப்ப அவ வந்துட்டுத்தான் இருந்திருக்கறா" என்றார்.

"ஆமாங்க."

"போன்லயும்."

"ஆமாங்க."

"டிவியிலயும். வூட்டுக்கு வந்தவங்களுக்கு எல்லாம் கேட்டிருக்குது."

சுகந்தி தலையசைத்தாள்.

"எனக்குத்தான்…"

தோளில் துண்டு இருந்தது. அவருக்கு அது நினைவில்லை. உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில காதைக் காமிக்கலாமுங்க. மிஷின் வெச்சாக் கொஞ்சம் கேக்கும்னு சொல்லுவாங்க."

"காமிக்கலாம்."

பிறகு, சின்னப் பிள்ளை கேட்பதுபோல, "இன்னிக்கு?" என்றார்.

அதற்குப் போட சுகந்தியிடம் ரெசிஸ்டரும் இல்லை, கெப்பாசிட்டரும் இல்லை.

அவள் வூஃபரை மாட்டினாள். பாட்டை முதலில் இருந்து வைத்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கையைக் குடுங்க. கண்ணை மூடிக்கோங்க."

கொடுத்தார். மூடிக்கொண்டார்.

"பாட்டையும் டோலக்கையும் நீங்க கேளுங்க. ஜால்ரா எனக்குக் கேக்கறப்பெல்லாம் உங்க கையில தட்டறேன்."

பாடுகிறவர் எடுத்தார். டோலக் சேர்ந்தது. சுகந்தியின் விரல் அவர் மணிக்கட்டில் தட்டத் தொடங்கியது.

கொஞ்சத்தில் அவர் நெற்றி சுருங்கியது.

"டோலக்கைக் கேட்டுத் தட்டு, அம்மணி. பிந்துது."

"நான் ஜால்ராவைத்தானுங்க தட்டறேன்."

"ஒவ்வொண்ணுக்கும் பிந்துது."

"அது அப்படித்தானுங்க வருது."

அவர் தலையைச் சாய்த்தார்.

விரல் விழுந்தது, டோலக்குக்கு ஒரு நூல் பின்னால். மறுபடியும் ஒரு நூல் பின்னால்.

மூடிய கண்ணோடு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, கடையில் யாரும் அதுவரை கேட்டிராத, வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற குரலில் அதட்டினார்.

"ஏய் பாவாயி! அவங்களோட சேந்து வா. எத்தன சனிக்கிழமைதான் உனக்குச் சொல்றது?"

சுகந்தி விரலைத் திருத்திக்கொள்ளவில்லை. பிந்தியே தட்டினாள்.