பத்தொன்பது கல்

மலையடிவாரத்தில் ரெஜினாவின் பட்டறை இருந்தது. ஜீப் மட்டும்தான் பார்ப்பாள். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. ஸ்பேனரை வண்டிக்காரர்தான் பிடிக்க வேண்டும். அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பாள். கையில் கிரீஸ் ஒட்டாமல் யாரும் அங்கிருந்து வண்டியை எடுத்துப் போனதில்லை. அவளுக்கு முப்பத்தாறு வயது. அவளைவிட மூத்தவர்கள் கூட மேஸ்திரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சின்னமாயன் அங்கே வந்து நின்றார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவர் ஜீப்புக்கு முப்பத்திரண்டு. கல்லாம்பாறைக்கு ஏறுகிற வண்டி அது ஒன்றுதான்.

"மேஸ்திரியம்மா, பவர் கூடணும். டீசல் குறையணும். ரெண்டும் ஒண்ணா நடக்குமா?"

"என்னண்ணே அவசரம்?"

சின்னமாயன் சொன்னார். கல்லாம்பாறையில் நாற்பத்தோரு வீடுகள். மாதத்தில் ஒரு புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட நர்ஸம்மா வருவாள். போன மாதம் ஏழாம் வளைவில் வண்டி திணறி நின்றுவிட்டது. மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, மழையில் மீதித் தூரத்தை அவள் நடந்தே ஏறினாள். இறங்கும்போது ஒரே வார்த்தைதான் சொன்னாள். இன்னொரு தடவை நடக்க வைத்தால் ஊசி போடுவது அடிவாரத்தில்தான், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நீங்கள் இறங்கி வாருங்கள் என்று.

"மலையில இப்ப ஒன்பது கைப்பிள்ளைங்க," என்றார் சின்னமாயன். எதைச் சொன்னாலும் கட்டைவிரலால் விரல் கோடுகளைத் தொட்டு எண்ணிக்கொண்டே சொல்வது அவர் வழக்கம். "நாளைக் கழிச்சா புதன். ஒருத்தன் பம்பைத் திருகி டீசலைக் கூட்டி விடுங்கிறான். ஒருத்தன் பெரிய என்ஜினா மாத்துங்கிறான். நீங்க என்ன சொல்றீங்க?"

"தள்ளுங்க."

"என்னது?"

"வண்டியைத் தள்ளுங்கண்ணே."

கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, சின்னமாயன் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். சமமான சிமெண்டுத் தரை. வண்டி அசையவில்லை.

எதிரே டீக்கடையில் இருந்த பவுன்ராசு குரல் கொடுத்தான். "மாமா, கொஞ்சம் மனசு வைன்னு கெஞ்சிப் பாரு! கோவத்துல இருக்கு!"

"என்ஜின் ஓடாம எப்படிம்மா நகரும்?" என்றார் சின்னமாயன், மூச்சு வாங்க.

பட்டறை ஓரத்தில் இன்னொரு ஜீப் நின்றது. அதே வயசு, அதே கம்பெனி. ரெஜினா எழுந்து போய் அதன் பின்புறத்தில் இரண்டு கையையும் வைத்தாள். அது மெதுவாக உருண்டு நாலடி போய் நின்றது.

"அதுலயும் என்ஜின் ஓடலைண்ணே."

சின்னமாயன் இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நம்ம வண்டியில சாமான் ஜாஸ்தி," என்றார்.

"அப்ப இறக்குங்க."

ஸ்டெப்னி இறங்கியது. சங்கிலி இறங்கியது. ஜாக்கி, மண்வெட்டி, கயிறு எல்லாம் இறங்கின. பின் சீட்டுக்கு அடியில் ஒரு சாக்கை மட்டும் அவர் தொடவில்லை.

"அதையும்."

சாக்குக்குள் கல். சின்னமாயன் ஒவ்வொன்றாகத் தூக்கி வரிசையாகத் தரையில் வைத்தார். பத்தொன்பது.

"இது எதுக்கு?"

"சக்கரத்துக்கு அண்டை கொடுக்கம்மா. ஏத்தத்துல வண்டி பின்னால உருண்டுட்டா?"

"உங்க வண்டிக்கு எத்தனை சக்கரம்?"

"நாலு."

ரெஜினா பழைய இரும்பு எடை போடும் தராசைக் காட்டினாள். சின்னமாயனே நிறுத்தார். நூற்று நாற்பத்து மூன்று கிலோ.

"ரெண்டு ஆளு கனம்," என்றான், இப்போது பட்டறைக்குள்ளேயே வந்துவிட்ட பவுன்ராசு. "டிக்கெட் வாங்காத ரெண்டு ஆளு!"

"இப்பத் தள்ளுங்க," என்றாள் ரெஜினா.

தள்ளினார். வண்டி ஒரு முறை முன்னால் சாய்ந்து, திரும்பவும் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"ஜாக்கியை அடியில கொடுங்க. முன் சக்கரத்தைத் தூக்குங்க. கையால சுத்தி விடுங்க."

சுற்றி விட்டார். அரைச் சுற்றில் நின்றது. அடுத்த சக்கரம் கால் சுற்று. பின் சக்கரங்கள் இரண்டும் சுற்றவே இல்லை. பிறகு அந்த இன்னொரு ஜீப்பின் சக்கரத்தையும் தூக்கிச் சுற்றச் சொன்னாள். அது ஏழு சுற்றுச் சுற்றி, யோசித்து, எட்டாவதில் நின்றது.

"பிரேக்கை யாருண்ணே டைட் வச்சது?"

"நான்தான்."

"எப்ப?"

"வாராவாரம். ஞாயித்துக்கிழமை வண்டியைக் கழுவிட்டு, பிரேக் அட்ஜஸ்டர்ல ஒரு பல்லு டைட் வைப்பேன்."

"மலை ஏறுறப்ப கருகின வாசனை வருமே?"

"வரும். மலைக்காட்டு வாசனைன்னு நெனச்சேன்."

பவுன்ராசு சிரிக்க வாயைத் திறந்தான். சின்னமாயன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

யாரும் கேட்காமலே சின்னமாயன் சொன்னார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஏழாம் வளைவில் வண்டி பின்னால் உருண்டது. கூட வந்தது அவர் மனைவியின் தம்பி வீரணன். கல்லோடு குதித்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஓடினான். கல் வழுக்கியது. வண்டி நின்றது, அவன் காலின் மேல். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது மலையில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறான்.

"ஒரு நாள் கூட அவன் என்னைக் குத்தம் சொன்னதில்லை," என்றார். "வருசா வருசம் அந்தத் தேதி வந்தா அந்த வளைவுல ஒரு கல் எடுத்து வண்டியில போட்டுக்குவேன்."

ரெஜினா ஸ்டூலை நகர்த்திச் சக்கரத்தின் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"பிரேக் டிரம்மைக் கழட்டுங்கண்ணே."

அன்று முழுவதும், மறுநாள் மதியம் வரையும் வேலை நடந்தது. பிரேக் லைனிங் சூட்டில் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கிடந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்க்கச் சொன்னாள். அடைத்துக் கிடந்த ஏர் ஃபில்டரைக் கழுவ வைத்தாள். கடைசியில் ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றச் சுற்ற, அட்ஜஸ்டரை ஒவ்வொரு பல்லாகத் தளர்த்த வைத்தாள். மூன்றாவது பல்லில் அவர் கை நின்றது.

"போதும்மா. இதுக்கு மேல விட்டா நிக்காது."

"சூடேறிப்போன பிரேக்குதாண்ணே நிக்காது. இன்னும் ரெண்டு பல்லு."

"மேஸ்திரியம்மா..."

"பின்னால இருக்கிற சரிவுல ஏத்தி நிறுத்திப் பாருங்க. நிக்கலைன்னா திரும்ப டைட் வைங்க. நான் தடுக்க மாட்டேன்."

பட்டறைக்குப் பின்னால் ஒரு செங்குத்துச் சரிவு. சின்னமாயன் ஏற்றினார், இறக்கினார், மிதித்தார். நின்றது. திரும்பவும் மிதித்தார். நின்றது. பதினோரு தடவை பார்த்தார். பதினோரு தடவையும் நின்றது.

இரண்டு கல்லை மட்டும் வண்டியில் எடுத்துப் போட்டுக்கொண்டார். மற்ற பதினேழும் பட்டறைச் சுவரோரம் கிடந்தன.

புதன்கிழமை நர்ஸம்மா மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் ஏழு பேர். ஆறாம் வளைவு தாண்டியதும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகித் தயாரானாள். ஏழாம் வளைவில் வண்டி ஒரு முறை முனகியது. பிறகு ஏறியது.

"என்ன அண்ணே, புது என்ஜினா?"

"பழசுதாம்மா," என்றார் சின்னமாயன்.

ஊருக்குள் நுழையும்போது வீரணன் கடை வாசலில் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றான். வண்டிச் சத்தம் மாறியது அவன் காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையைத் தூக்கினான். சின்னமாயன் ஹார்ன் அடித்தார். எப்போதும் போலக் கடையைத் தாண்டிப் போய், கிணற்றடியில் நிறுத்தினார்.

ஒன்பது பிள்ளைகளும் அழுதன. ஊசி முடிந்து நர்ஸம்மா, "அடுத்த மாசம் பாப்போம்," என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

வியாழக்கிழமை ஒரு சீப்பு மலைப்பழத்தோடு சின்னமாயன் பட்டறைக்கு வந்தார்.

"டேங்க்ல குச்சி விட்டுப் பாத்தேம்மா. முன்னெல்லாம் போய்வர ஒன்பது விரக்கடை டீசல் குறையும். நேத்து ஆறரைதான்."

ரெஜினா தலையசைத்தாள். ஒரு பழத்தை உரித்து அவருக்கே பாதியைக் கொடுத்தாள்.

தின்று முடித்தும் அவர் கிளம்பவில்லை. சுவரோரம் கிடந்த கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுகளை என்னம்மா செய்யட்டும்? ஏத்திக்கிட்டா வண்டி திணறும். தூக்கி எறியவும் மனசு வரலை. ஒவ்வொண்ணும் அவனை நெனச்சு எடுத்த கல்லு. எத்தனை வருசமா ஏத்தி இறக்கியிருக்கேன்."

"வாரத்துக்கு எத்தனை நடை போவீங்க?"

"ஆறு."

"பத்தொன்பது வருசமா."

"ஆமா."

"அந்தக் காலு போன நாளுக்குப் பெறகு," என்றாள் ரெஜினா, பழத்தோலை மடித்து வைத்தபடி, "வீரணனை எத்தனை நடை ஏத்தியிருக்கீங்கண்ணே?"

சின்னமாயன் எண்ணுவதற்குக் கையை விரித்தார். கட்டைவிரல் சுண்டுவிரலின் முதல் கோட்டுக்கு மேலே வந்து, அதைத் தொடாமல் நின்றது.