தாய்மாமன் கட்டாத காப்பு

வெகு காலத்துக்கு முன்பு நொச்சிநாடு என்றொரு நாட்டை மாவலிராயர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் சாப்பிடும் முன் ஒரு மனசு, சாப்பிட்ட பின் ஒரு மனசு. நாட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. ஒரே கரைக்காரர்கள் எல்லாரும் பங்காளி முறை என்பதால், வடகரையானும் தென்கரையானும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் எப்போதும் அக்கரையோடுதான். மற்றபடி இரண்டு கரைக்கும் ஒரே ஒரு வித்தியாசம். விருந்தில் வடகரையார் பாயசத்தைக் கடைசியில் பரிமாறுவார்கள், தென்கரையார் முதலில்.

இதற்காக ஒரு நாடு இரண்டாகுமா என்று கேட்காதீர்கள். ஆனது.

ஒருநாள் வடகரையில் விருந்துண்ட அரசர் ஏப்பம் விட்டபடி, "பாயசம் கடைசியில் வருவதுதான் அழகு" என்றார். அத்தோடு அதை மறந்தும் போனார். பக்கத்தில் இருந்த படைத்தலைவர் வீரகண்டன் மறக்கவில்லை. அரசர் எதற்கெடுத்தாலும் அமைச்சர் குமாரநம்பியையே கேட்கிறாரே என்று அவருக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல். அரசரின் மனம் குளிரட்டும் என்று, முதலில் பாயசம் பரிமாறுபவன் ராஜதுரோகி எனத் தென்கரையில் தண்டோரா போடவைத்தார். தென்கரையார் தண்டோராக்காரனை இலை போட்டு உட்காரவைத்து, பாயசத்தை முதலில் ஊற்றினார்கள். வீரகண்டன் ஆத்திரத்தில் ஆட்களோடு போய் அண்டா அண்டாவாகப் பாயசத்தைக் கவிழ்த்தார். உடனே தென்கரை வீரர்கள் வேலைத் தோளில் போட்டுக்கொண்டு படையைவிட்டே ஊருக்குப் போய்விட்டார்கள். நாட்டில் இப்போது இரண்டு படை.

"சேவற்சண்டை பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இரண்டு கரையும் மோதட்டும். ஜெயிக்கிற கரையின் பாயசமே சரியான பாயசம்" என்றார் அரசர்.

குமாரநம்பியின் மகன் வடகரைப் படையில். மகள் தையல்நாயகியைத் தென்கரையில் கொடுத்திருந்தார், மருமகன் அந்தப் படையில். அவள் குழந்தைக்கு அடுத்த மாதம் காது குத்து. எந்தக் கரை ஜெயித்தாலும் அழப்போவது அவள்தான்.

"இந்தப் போர் வேண்டாம் அரசே."

"கேட்டீர்களா அரசே? சம்பந்தி வீட்டுப் பாயசம் பேசுகிறது" என்று சிரித்தார் வீரகண்டன்.

அரசரும் சிரித்தார். "நம்பி, போரை நிறுத்தச் சொல்லி இன்னொரு வார்த்தை பேசினால் நீர் நாட்டைவிட்டே போகவேண்டியதுதான். கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவராயிற்றே, என் ஆணையை மீறாமல் நிறுத்த முடிந்தால் நிறுத்திப் பாரும்."

"நிறுத்தச் சொல்லவில்லை அரசே. முறையாக நடக்கட்டும் என்கிறேன். காது குத்தானாலும் கல்யாணமானாலும் நம் நாட்டில் தாய்மாமன் கை படாமல் தொடங்குவதில்லை. போர் அதைவிடப் பெரிய காரியம். அவரவர் தாய்மாமன் காப்புக் கட்டிய பிறகே வாளெடுக்கட்டும்."

அமைச்சர் பணிந்துவிட்டார் என்று வீரகண்டனுக்கு உச்சி குளிர்ந்தது. "மாமன் காப்பில்லாமல் வாளெடுப்பவன் இந்த நாட்டானே இல்லை. இதையும் ஆணையில் சேர்த்துவிடுங்கள் அரசே" என்றார். அரசர் சேர்த்துவிட்டார்.

போர் நாள் வந்தது. கோடையில் வற்றிக்கிடந்த ஆற்று மணலில் இரண்டு படையும் நின்றன. அரசர் கரையில் பந்தல் போட்டு, பொரிகடலையோடு உட்கார்ந்தார். முரசு முழங்கியது. "காப்பு கட்டியாயிற்றா?" என்று கேட்டார் குமாரநம்பி. அப்போதுதான் வீரர்கள் தங்கள் மாமனைத் தேடினார்கள். கோபத்தில் ஒருவருக்கும் தோன்றாமல் போன சங்கதி அது: அத்தனை பேருடைய மாமனும் எதிர்வரிசையில் நின்றான்.

வடகரைப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கிப் போய்க் கையை நீட்டினான். "மாமா, காப்புக் கட்டிவிடுங்க."

"கட்டுறேன்டா. கட்டினப்புறம் யாரை வெட்டப் போறே?"

"வேற யாரோட மாமனையாவது."

"அவன் என் பங்காளிடா."

இன்னொரு மாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உன் தங்கச்சி கல்யாணத்துக்கு வெத்தலைபாக்கு வெச்சு என்னை அழைச்சீங்களா?" மருமகன் மணலில் விழுந்து அவர் காலைப் பிடித்தான். வெறும் வயிற்றில் காப்புக் கட்டக்கூடாது என்று கரையில் வேடிக்கை பார்த்த மாமி ஒருத்தி சொல்ல, இரண்டு கரையிலிருந்தும் சோற்றுப்பானைகள் இறங்கின.

"வெட்டுங்கள்" என்று கத்திக்கொண்டே வீரகண்டன் தம் வாளின் பிடியில் கைவைத்தார்.

"உங்கள் காப்பு?" என்றார் அமைச்சர் பணிவாக.

எதிர்வரிசையில் நின்ற வீரகண்டனின் மாமன் சொன்னார்: "என் வீட்டு அண்டாவையும்தானே கவிழ்த்தே? அதைக் கழுவிக் கவுத்திட்டு வா, கட்டுறேன்." இரண்டு படையும் சேர்ந்து சிரித்தன.

அரசருக்குக் கோபம் தலைக்கேறியது. "நானே தொடங்கிவைக்கிறேன்" என்று மணலில் இறங்கினார். தென்கரை வரிசையின் முன்னால் ஒரு கிழவர், துருப்பிடித்த வேலை ஊன்றி நின்றார். அரசரின் தாயாரும் தென்கரைப் பெண்தான். கிழவர் அவள் அண்ணன் ஆதிமூலம். தாயார் போன பிறகு அரசர் அவரை எட்டிப் பார்த்ததில்லை.

"இந்த மடியில உட்கார வெச்சுத்தான் உனக்குக் காது குத்தினாங்க ராசா" என்றார் ஆதிமூலம். "கையை நீட்டு, கட்டிவிடுறேன். கட்டினதும் முதல்ல என்னை வெட்டிடு. பிள்ளைங்க சாகறதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை."

அரசர் இடுப்பு வாளை உறையோடு கழற்றி மணலில் போட்டார். அவர் மாமனின் தோளில் முகம் புதைத்து அழுதார். அழுது முடித்து அமைச்சரைத் தேடினார்.

"நம்பி, என் ஆணை என்னவாயிற்று?"

"அப்படியே இருக்கிறது அரசே. இதுவரை ஒருவரும் மீறவில்லை."

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். "அதை நானே நீக்கிவிட்டேன். இனி விருந்தில் பாயசம் முதலிலும் வரட்டும், கடைசியிலும் வரட்டும். ஆண்டுதோறும் இதே மணலில் இரண்டு கரைக்கும் விருந்து. பரிமாறுவது வீரகண்டன், அண்டா கழுவுவதும் அவரே. நம்பி, உமக்கு என்ன வேண்டும்?"

"என் பேரனுக்குக் காது குத்து வருகிறது அரசே. அவனை மடியில் வைத்துக்கொள்ள என் மகன் உயிரோடு இருக்கிறான். அதுவே போதும்."

காது குத்துக்கு அரசர் தம் மாமனைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு, கூடவே நடந்து வந்தார். தையல்நாயகியின் அண்ணன் தன் குட்டி மருமகனை மடியில் இறுக்கிப் பிடிக்க, பக்கத்தில் நின்ற குழந்தையின் அப்பா கிலுகிலுப்பை ஆட்டினார். அன்றைக்கு அந்த நாட்டில் அழுதது அந்தக் குழந்தை ஒன்றுதான்.