மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் தாய்மாமன்

புளிச்சங்குடிக்காரர்கள் முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எழுதிப் போட்டிருப்பதை மதிக்கிறவர்கள், அவ்வளவுதான். தபால் ஆபீசில் ஒரு முறை ‘கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரவும்’ என்று அட்டை தொங்கவிட்டார்கள். கதவோ எந்நேரமும் திறந்து கிடப்பது. புளிச்சங்குடிக்காரர் ஒவ்வொருவரும் வந்து கதவை இழுத்துச் சாத்தி, வெளியே நின்று தட்டி, பிறகு திறந்துகொண்டு போனார்கள். பொறுத்துப் பார்த்த தபால்காரர் மூன்றாம் நாள் கதவையே கழற்றி வைத்துவிட்டார். அதன்பிறகு ஒருவரும் உள்ளே போகவில்லை. தட்டுவதற்குக் கதவு வேண்டாமா?

அந்த ஊர்ச் சோலைமலைக்குப் பொன்னழகு ஒரே தங்கை. மலோரித் தீவில் ஓட்டல் சமையல்காரராக இருக்கும் ராக்கப்பனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. கோயில் கோயிலாக வேண்டி இப்போதுதான் ஒரு பெண் குழந்தை. பதினோராம் மாதம் காது குத்துவதாக நாள் பார்த்துவிட்டார்கள். ஒற்றைப்படை மாதத்தில்தான் குத்த வேண்டும்; அந்த நாளை விட்டால் அடுத்த வாரமே பன்னிரண்டு பிறந்துவிடும்; பதின்மூன்று ஆடியில் போய் விழுகிறது.

“அண்ணே, வர்ற மாசம் மூணாவது புதன்கிழமை பத்தரைக்கு மேல பன்னெண்டுக்குள்ள முகூர்த்தம். நீ வந்து மடியில வெச்சாத்தான் குத்து. இல்லேன்னா எம்புள்ளைக்குத் தாய்மாமனே இல்லேன்னு ஆயிரும்” என்று பொன்னழகு போனில் அழுதாள்.

சோலைமலையும் அழுதான். தங்கைமேல் உயிர் அவனுக்கு. மருமகளைப் போன் கண்ணாடியில் பார்த்ததோடு சரி, இன்னும் தொட்டதில்லை.

புளிச்சங்குடியில் யாரும் தனியாக வெளியூர் போகிற வழக்கமில்லை. ஆகவே பங்காளிகள் மூன்று பேர் கூடக் கிளம்பினார்கள்: எட்டாவது வரை படித்ததால் ஊருக்கே வாசித்துக் காட்டும் அடைக்கலம், சந்தேகம் கேட்கும் வெள்ளைச்சாமி, எதற்கும் தலையாட்டும் பெரியகருப்பன்.

தீவில் நம் ஆட்கள் நிறைய வேலை பார்ப்பதால் விசா விதிகளைத் தமிழிலேயே அச்சடித்திருந்தார்கள். ராக்கப்பன் அனுப்பிய அந்தத் தாளை அடைக்கலம் உரக்க வாசித்தான். வேறு நாட்டுக்குப் போகும் வழியில் தங்குவோருக்கு மூன்று நாள். உறவினரைப் பார்க்க வருவோருக்குப் பதினைந்து நாள். ஊர் சுற்றிப் பார்க்க வருவோருக்கு முப்பது நாள்.

“முப்பதே வாங்குவோம். கூடக் குடுக்கறத ஏன் விடணும்?” என்றான் வெள்ளைச்சாமி.

“முப்பது நாளும் ஊரைச் சுத்திக்கிட்டே இருக்கணும்டா. உக்கார முடியாது. புள்ளைய மடியில வைக்க உக்காரணும்ல?” என்றான் அடைக்கலம்.

“அப்ப மூணு நாளு?”

“அது வேற நாட்டுக்குப் போற வழியில இருக்கறவனுக்கு. நாம எங்க போறோம்?”

“புளிச்சங்குடிக்குத் திரும்பிப் போறோம்ல.”

“அது நாடு இல்லையேடா.”

இதைக் கேட்டதும் நாலு பேருக்கும் மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது. பேசாமல் பதினைந்து நாள் விசாவுக்கே எழுதிப் போடுவது என்று முடிவானது.

அடுத்தது போட்டோ. ‘தலையில் எதுவும் இருக்கக் கூடாது. காது இரண்டும் தெரிய வேண்டும். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டக் கூடாது’ என்று போட்டிருந்தது. நாலு பேரும் தலையைத் தடவிப் பார்த்தார்கள். முடி இருந்தது. நேரே போய் நாலு பேரும் மொட்டை போட்டுக்கொண்டார்கள்.

“யாருப்பா தவறிட்டாங்க?” என்று சவரக்கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார் கடைக்காரர்.

“யாரும் தவறல. விசா” என்றான் பெரியகருப்பன்.

முகம்தான் பெரும்பாடாகிவிட்டது. போட்டோவும் ஆளும் ஒன்றுபோல இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று தாளின் அடியில் இருந்ததால், தீவுக்குள் போய்ச் சேரும்வரை முகம் அசையக் கூடாது என்று அடைக்கலம் சொல்லிவிட்டான். ஒரு மாதம் பழகினார்கள்; முடி வளர வளர மொட்டையும் அடித்துக்கொண்டார்கள். எருமை காலை மிதித்தபோதுகூட வெள்ளைச்சாமி முகத்தைச் சுளிக்காமல், “எருமை மிதிக்குது, யாராச்சும் வாங்க” என்று அமைதியாகச் சொன்னான். அவ்வளவு தேறிவிட்டார்கள்.

தாய்மாமன் சீரில் இன்னொரு சிக்கல். பழம், தேங்காய், பூ, விதை, பலகாரம் எதையும் தீவுக்குள் கொண்டுவரக் கூடாது. தட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே பதினொரு தாம்பாளம் வெறுமனே கொண்டு போனார்கள்.

விமானம் இறங்கும் நேரம். கீழே நீலக் கடல், வெள்ளை மணல், நடுவே பச்சையாகத் தீவு. எல்லோரும் ஜன்னலை எட்டிப் பார்க்க, இவர்கள் நாலு பேர் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்கள். உடம்புக்கு ஆகவில்லையா என்று பணிப்பெண் ஓடி வந்து கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கோம் தாயி. எங்களுக்கு உறவுக்காரங்களப் பாக்குற விசாதான். ஊர் பாக்குற விசா இல்ல” என்றான் அடைக்கலம்.

காலை ஒன்பது மணிக்கு இறங்கினார்கள். சின்ன விமான நிலையம். நம் ஊர்க் கல்யாண மண்டபம் அளவு இருக்கும். ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சில்வானோ என்று ஓர் அதிகாரி. பெட்டிக்கு நாலு அடி முன்னால் தரையில் மஞ்சள் கோடு. பெட்டியைத் தாண்டி ஒரு கம்பித் தடுப்பு, அதற்குப் பின்னால் வரவேற்க வந்தவர்கள். பொன்னழகு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷனோடு அங்கே நின்றாள்.

ஆறு வருஷம் கழித்து அண்ணனைப் பார்க்கிறாள். அண்ணன் மொட்டைத் தலையோடு, உறைந்த முகத்தோடு வருகிறான். பின்னால் மூன்று பங்காளிகளும் மொட்டை. கையில் வெறும் தாம்பாளங்கள். எந்தப் பெண்தான் தாங்குவாள்?

“ஐயோ அப்பா! என்னைப் பெத்த அப்பா!” என்று மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பாவுக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. நல்லாருக்காரு” என்றான் சோலைமலை, முகத்தில் ஈ ஆடாமல்.

“பொய் சொல்றியேண்ணே! ஒன் மொகத்தப் பாத்தாலே தெரியுதே!”

ராக்கப்பன் ஊருக்குப் போன் போட்டான். அப்பாவே எடுத்தார். பொன்னழகு போனைப் பிடுங்கி, “அப்பா, உசுரோட இருக்கியா?” என்று கதறினாள்.

“என்னைக் கேட்டா? ஒங்கண்ணன் அங்கனதான இருக்கான். அவன் என்ன சொல்றான்?” என்றார் அவர்.

இந்தக் குழப்பம் தெளியவே பத்து மணி ஆயிற்று. சில்வானோ நல்ல மனிதர். தமிழும் நன்றாகப் பேசுவார். சிரித்துக்கொண்டே சோலைமலையை அழைத்து, “ஒரு கையெழுத்துதான். போட்டுவிட்டு உள்ளே போங்க” என்று ஒரு தாளை நீட்டினார். அடைக்கலம் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கழுத்தை நீட்டி உரக்க வாசித்தான்: “இந்நாட்டில் தங்கியிருக்கும் காலத்தில் எந்த வேலையும் செய்ய மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.”

சோலைமலை பேனாவைக் கீழே வைத்தான். நாலடி பின்வாங்கிக் கோட்டுக்கு அப்பால் போய் நின்றான்.

“என்ன ஆச்சு?” என்றார் சில்வானோ.

“நான் வேலை செய்யத்தான் சார் வந்திருக்கேன். புள்ளைய மடியில வெச்சுப் பிடிக்கணும்.”

“அது வேலை இல்லையே. சம்பளத்துக்குச் செய்வதுதான் வேலை.”

“எந்த வேலையும்னு போட்டிருக்கே சார்” என்றான் வெள்ளைச்சாமி.

“எங்க ஊருல காது குத்தையில ஒரு புள்ளையப் பிடிக்க ரெண்டு ஆளு வேணும். போன மாசம் ஒரு புள்ள உதைச்சதுல இவனுக்குப் பல்லு ஆடிப்போச்சு. அது வேலை இல்லேன்னா எதுதான் சார் வேலை?” என்றான் அடைக்கலம். பெரியகருப்பன் வாயைத் திறந்து பல்லை ஆட்டிக் காட்டினான்.

“சரி, கையெழுத்தைப் போடுங்க. உள்ளே போய் என்ன செய்தாலும் நான் பார்க்க மாட்டேன்.”

நாலு பேருக்கும் அதிர்ச்சி. “ஒரு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்துட்டுப் பொய் பண்றதா? முதல் முதலா காது குத்துற புள்ளைக்கு அது ஆகுமா சார்?” என்றான் சோலைமலை. முகம் அசையவில்லை, கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மருமகள் கையை நீட்டி நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மணி பத்தரை தாண்டியது. வீட்டுக்குப் போய்க் காது குத்துவது இனி நடக்காது என்று கண்டுகொண்ட ராக்கப்பன் ஸ்கூட்டரில் பறந்துபோய், நகைக்கடை ஆசாரியை ஊசியும் கையுமாக விமான நிலையத்துக்கே அழைத்து வந்துவிட்டான். சில்வானோ தடுப்பைத் திறந்து அவர்களைப் பெட்டி வரைக்கும் விட்டார்.

“அண்ணே, நீ கோட்டுக்கு அந்தாண்டயே உக்காரு. நான் புள்ளைய அங்க கொண்டாரேன். அங்கன நீ வேலை செய்யலாம்ல?” என்றாள் பொன்னழகு.

நல்ல யோசனைதான். சோலைமலை சப்பணமிட்டு உட்கார்ந்தும்விட்டான். வெள்ளைச்சாமிக்குத்தான் சந்தேகம் வந்தது.

“கோட்டத் தாண்டுனா புள்ள நாட்ட விட்டு வெளிய வந்துரும். திரும்பி உள்ள போக அதுக்கு விசா வேணும்.”

“போட்டோ எடுக்கணும்” என்றான் பெரியகருப்பன்.

“மொகத்தை அசைக்காம இருக்க அதுக்கு ஒரு மாசமாச்சும் பழக்கணும். அதுக்குள்ள ஆடி வந்துரும்” என்று முடித்தான் அடைக்கலம்.

சோலைமலை உட்கார்ந்தபடியே நகர்ந்து, காலை மட்டும் கோட்டுக்கு உள்ளே நீட்டி, உடம்பை வெளியே வைத்துப் பார்த்தான். முழங்கால் தீவிலும் இடுப்பு வெளியிலும் இருந்தன. குழந்தை எதன்மேல் உட்கார்கிறதோ அந்த இடம்தான் வேலை செய்வதாகக் கணக்கு என்று அடைக்கலம் தீர்ப்புச் சொன்னதும், காலைக் கோட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டான்.

பதினொன்று ஐம்பது. ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்துக் களைத்துவிட்டார். பொன்னழகு அழுதாள், அவளைப் பார்த்துக் குழந்தையும் அழுதது. வரிசையில் நின்ற மற்ற பயணிகளும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். சில்வானோவுக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

“இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உள்ள ஆள் மடியில் வைத்தால் சரிதானே? கொடுங்கள் குழந்தையை!” என்று தம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. சோலைமலை வேட்டி மடியில் முடிந்து வைத்திருந்த தோட்டை எடுத்து, கோட்டுக்கு மேலாகக் கை நீட்டிக் கொடுத்தான். கொடுப்பது வேலையில் சேராது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். குழந்தை வீலென்று கத்தியது, சில்வானோவின் கண்ணாடியைத் தட்டிவிட்டது, நெஞ்சில் ஓங்கி உதைத்தது. அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிடம் இருக்கையில் இரண்டு காதும் குத்தி முடிந்தது. மண்டபமே கைதட்டியது.

பொன்னழகு குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்தாள். “அண்ணே, இனி ஒனக்கு இங்க ஒரு வேலையும் கெடையாது. கையெழுத்தப் போட்டுட்டு வா. வீட்டுல எலை போட்டாச்சு.”

சோலைமலைக்கு ஒரு மாதத்தில் முதல் முறையாக முகம் மலர்ந்தது. பேனாவை எடுத்தான். அப்போது பார்த்து வெள்ளைச்சாமிக்குச் சந்தேகம் வந்தது.

“பங்காளி, மடியில வெச்சுக் காது குத்துனது யாரு?”

“சாரு.”

“மடியில வெச்சவருதான தாய்மாமன்?”

“அதுல என்ன சந்தேகம்?”

“தாய்மாமன்னா பொன்னழகுக்கு அண்ணன். பொன்னழகுக்கு அண்ணன்னா ஒனக்கும் அண்ணன். ஒனக்கு அண்ணன்னா எந்த ஊருக்காரரு?”

“புளிச்சங்குடி” என்றான் சோலைமலை மெதுவாக. பேனா கையிலேயே நின்றது.

நாலு பேரும் சில்வானோவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் அவ்வளவு கவலை.

“அண்ணே, ஒங்க விசா எங்க?” என்றான் அடைக்கலம்.

“எனக்கெதற்கு விசா?” என்றார் சில்வானோ.

“எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?”

“ஐம்பத்திரண்டு.”

“பதினஞ்சு நாளுதாண்ணே தங்கலாம்!” என்று பதறினான் வெள்ளைச்சாமி. “அதுலயும் வேலை வேற பாக்குறீங்க! சம்பளத்துக்கு!”

“தலையில முடி வேற” என்றான் பெரியகருப்பன்.

“புடிச்சு உள்ள போட்டுருவாங்கண்ணே. யாரும் பாக்குறதுக்குள்ள இங்கிட்டு வந்துருங்க” என்று சோலைமலை கெஞ்சினான். புதிதாகக் கிடைத்த அண்ணனை இழக்க அவனுக்கு மனமில்லை.

சில்வானோ படித்தவர், நியாயம் தெரிந்தவர். ஆனால் காலையிலிருந்து மூன்று மணி நேரம் இவர்களோடு பேசியிருக்கிறார். அவ்வளவு நேரம் புளிச்சங்குடிக்காரர்களோடு பேசிய எவருக்கும் அவர்கள் சொல்வதில் ஏதோ இருப்பதாகத்தான் படும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை இரண்டு முறை வாசித்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நடந்து போய் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், பெரியகருப்பனுக்கு அடுத்து, ஐந்தாவது ஆளாக நின்றார்.

பெட்டி காலியாக இருந்தது. ஐந்து பேரும் அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். கடைசியில் சில்வானோதான் பொறுமையிழந்து, “இந்தப் பெட்டியில் எப்போதும் ஒருத்தன் உட்கார்ந்திருப்பானே, எங்கே தொலைந்தான் அவன்?” என்று கேட்டார்.