மாலையின் கனம்

“பாதியில விட்டுட்டுப் போனவனைப் பெரிய ஆட்டக்காரன்னு நான் எப்படி சாமி சொல்றது?” என்று கேட்டார் கோதண்டம்.

குரு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

இருவரும் சாவு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இறந்தவர் செங்குட்டுவன். நாட்டுக்காக ஆடிய கிரிக்கெட் வீரர். இருபத்தெட்டு வயதில், அணி தோற்றுக்கொண்டிருந்த ஒரு தொடரின் நடுவே, இனி ஆடமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வெளியில் தலை காட்டாமலே இருந்து, நேற்றுப் போய்ச் சேர்ந்தார். சாகிற வயதில்லை.

கோதண்டம் பத்திரிகையில் காலமெல்லாம் கிரிக்கெட் எழுதியவர். வேலை முடிந்த பிறகு ஆற்றோர மடத்துக்கு வந்து சீடரானார். சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது, குருவுக்கு நாற்பது. இந்தத் துறையில் சீனியாரிட்டி பார்ப்பதில்லை.

சுடுகாட்டில் நடக்கும் இரங்கல் கூட்டத்தில் கோதண்டம் பேச வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டிருந்தார்கள்.

“உள்ளதைத்தான் சாமி பேசுவேன். கையில திறமை இருந்துச்சு, நெஞ்சுல தெம்பு இல்ல. கடைசி வரைக்கும் நின்னவன்தான் ஆட்டக்காரன். இவன் ஓடிப்போனவன்.”

“பேசுங்க” என்றார் குரு.

சாவு வீட்டின் மாடி ஜன்னலில் கண்ணாடி இல்லை. அட்டை வைத்து அடைத்திருந்தது. செங்குட்டுவன் திரும்பி வந்த வாரம் ஊர் எறிந்த கல்லில் உடைந்தது, அதன் பிறகு மாற்றவே இல்லை. அன்று கேட்டில் செருப்பு மாலையும் தொங்கியது. இன்று அதே ஊர் ரோஜா மாலையோடு வரிசையில் நின்றது.

செங்குட்டுவனின் மகள் இளவேனில் கோதண்டத்திடம் வந்தாள். வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. கொள்ளிச் சட்டியை அவள்தான் எடுக்கப்போகிறாள்.

“நீங்க பேசப்போறீங்கன்னு சொன்னாங்க சார். ஸ்கூல்ல இருந்தே என்னை ஓடிப்போனவன் மகள்னுதான் கூப்பிடுவாங்க. இன்னைக்கு ஒருநாளாவது அந்த வார்த்தை வேணாம் சார்.”

“நான் பொய் பேச மாட்டேன்மா.”

“பொய் வேணாம் சார். பேட்டிங் இறங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பாத்ரூம்ல வாந்தி எடுப்பாராம். அம்மா சொல்லுவாங்க. அப்படியும் இறங்கி ஆடினார்ல?”

“பயம் யாருக்குத்தாம்மா இல்ல?”

அவள் அதற்கு மேல் கெஞ்சவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பாடை தயாரானது. வண்டி வேண்டாம், தோளில்தான் தூக்க வேண்டும் என்று ஊர் பிடிவாதம் பிடித்தது. கிரிக்கெட் வாரியத்தின் ஆளுயர மாலை, கட்சிக்காரர்களின் மாலை, ரசிகர் மன்றங்களின் மாலை என்று ஈரப் பூவாகக் குவிந்து முகமே தெரியவில்லை. ஒன்றைக்கூட எடுக்க யாரும் சம்மதிக்கவில்லை. எடுத்தால் மரியாதைக் குறைவாம்.

“முன்பக்கம் நீங்க தோள் குடுங்க” என்றார் குரு.

அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல், கோதண்டம் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பாடைக்கு அடியில் நுழைந்தார். சங்கு ஊதினார்கள்.

தெருமுனை வரை நிமிர்ந்து நடந்தார். கடைத்தெருவில் வேர்த்துக் கொட்டியது. பெட்ரோல் பங்க் அருகே தோள் மரத்து, மூச்சு முட்டி, முழங்கால் மடங்கியது. பின்னால் வந்த ஒருவர் சட்டென்று தன் தோளைக் கொடுத்து அவரை விலக்கிவிட்டார். பாடை நிற்காமல் போனது.

சுடுகாட்டில் இறக்கி வைத்தார்கள். மைக் கட்டியிருந்தது. கோதண்டம் தோளைப் பிசைந்துகொண்டே குருவின் பக்கத்தில் வந்து நின்றார்.

“கடைசி வரைக்கும் தூக்கினீங்களா?”

“இல்ல சாமி. பெட்ரோல் பங்க் வரைக்கும்தான்.”

“ஏன்?”

“ஆள் கனமே இல்ல. மாலைதான் அழுத்துச்சு. இன்னும் நாலு அடி போயிருந்தா நான் விழுந்திருப்பேன்.”

“விலகினதுக்கு யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“என்ன சாமி இப்படிக் கேக்கறீங்க? வழியில தோள் மாத்துறதை எந்த ஊர்ல குத்தம் சொல்லுவாங்க? நானும் மனுஷன்...”

தோளைப் பிசைந்த கை நின்றது. குரு சுடுகாட்டை ஒட்டி ஓடிய ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக்கில் கோதண்டத்தைக் கூப்பிட்டார்கள். இளவேனில் சட்டியைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றாள். வரப்போகிற வார்த்தை அவளுக்குத் தெரியும்.

கோதண்டம் மைக்கைப் பிடித்தார். கூட்டம் அடங்கியது.

“நான் பெட்ரோல் பங்க் வரைக்கும்தான் தூக்கினேன்” என்றார்.