ஏழாம் நம்பர் பஸ் பக்கத்தை அழித்தவர்

ஜெசிந்தா டீச்சருக்கு ஐம்பத்தொரு வயதில் ஒரு குரு கிடைத்தாள். குருவுக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் பிரம்மசக்தி. தூத்துக்குடியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியில் குரு கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொண்டாள். ஜெசிந்தா லைப்ரரி பார்த்துக்கொண்டாள்.

மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து ஜெசிந்தா அவளைக் 'குருவே' என்றுதான் கூப்பிடுவாள். கேலியாகத்தான் ஆரம்பித்தது. கேலி போய்விட்டது, கூப்பிடுவது நிற்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டேகால் மணிக்கு ஜெசிந்தா லேப்புக்குள் வந்தாள். குரு ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். முறுக்குத் தூள் உதிர்ந்தது.

"குருவே, ஒரு சந்தேகம்."

"கேளுங்க டீச்சர்."

"பொதுப் பக்கத்துல யாரு எழுதுனா, யாரு அழிச்சான்னு ஒரு பட்டியல் இருக்குல்லா. அந்தப் பட்டியலை அழிக்க முடியுமா?"

"எதுக்கு?"

"சும்மாதான். பிள்ளைங்க பாதுகாப்புக்கு."

பிள்ளைகள் பாதுகாப்பு என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் தங்கள் பாதுகாப்பைத்தான் சொல்கிறார்கள். ஜெசிந்தா அன்று அந்தப் பாதியில் இருந்தாள்.

ஜூன் மாதத்திலிருந்து அவள் தேடாத இடமில்லை. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து எழுத இணையத்தில் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். ஒன்று பிள்ளைகளின் பிறந்த தேதியையும் போன் நம்பரையும் கேட்டது. இன்னொன்று இலவசம் என்று சொல்லி நாலாம் நாள் கதவைச் சாத்தியது. மூன்றாவதில் எல்லாம் நன்றாக இருந்தது, ஓரத்தில் தொப்பை கரைக்கும் மாத்திரை விளம்பரம் வந்தது. "லைப்ரரியில இருக்கிற புத்தகத்துக்கே தூசி தட்ட ஆள் இல்ல, இவுகளுக்கு இன்டர்நெட்டாம்" என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். கடைசியில் குருதான் ஒரு பொதுப் பக்கத்தைக் காட்டினாள். அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம்.

ஹெச்.எம். சிஸ்டர் சம்மதித்தார். "ஏதாவது ஒண்ணு நடந்துச்சு, வயரைப் பிடுங்கிருவேன்" என்று சொல்லித்தான் சம்மதித்தார்.

எட்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகள், அறுபத்திரண்டு பிள்ளைகள். ஏழாம் நம்பர் டவுன் பஸ் நிற்கும் ஒவ்வொரு ஸ்டாப்பைப் பற்றியும் சேர்ந்து எழுதினார்கள். ஐந்து வாரம் எழுதினார்கள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரம். சந்தனமாரி என்கிற 8-பி பிள்ளை லைப்ரரி கம்ப்யூட்டரில் தன் கணக்கிலிருந்து வெளியேறாமல் எழுந்து போய்விட்டாள். ஜெசிந்தா போய் உட்கார்ந்தாள். பக்கம் திறந்திருந்தது. கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாமே என்று தோன்றியது. ஒழுங்குபடுத்தினாள். அது என்னவோபோல் ஆனது. பழையபடி ஆக்கலாம் என்று எதையோ பிடித்து இழுத்தாள், எதையோ அமுக்கினாள். பக்கம் வெள்ளையானது.

மேல் மூலையில் சின்னதாகச் சந்தனமாரியின் பெயர் இருந்தது.

ஜெசிந்தா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வரும்போது அவள் எதுவும் செய்யாதவளாக வந்தாள்.

புதன்கிழமை குரு லீவு. பிள்ளைகள் அழுதார்கள். சிஸ்டர் பட்டியலைத் திறந்து பார்த்தார். "நான் இல்ல சிஸ்டர்" என்று சந்தனமாரி மூன்று முறை சொன்னாள். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று சிஸ்டர் கேட்டதும் நாலாம் முறை சொல்லவில்லை. நடத்தைக் குறிப்பில் சிவப்பு மையில் எழுதுவதென்று முடிவானது. அந்த மை பத்தாம் வகுப்பு வரை கூடவே வரும். வியாழன் மூன்று மணிக்கு அம்மா வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

இப்போது மணி இரண்டு இருபது.

"பட்டியலை அழிக்க முடியாது டீச்சர்" என்றாள் குரு. "அழிச்சா, அழிச்சதும் பட்டியல்ல வரும்."

"இது என்ன கர்மம் பிடிச்ச ஏற்பாடு!" ஜெசிந்தா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "சரி, பேரே விழாத பக்கம் ஏதாவது இருக்கா? அடுத்த தடவை அதுல எழுத வைக்கலாம். ஒரு வம்பும் இருக்காது."

"இருக்கு."

குரு திரையில் ஒரு வெற்றுச் சுவரைத் திறந்தாள். சீட்டுச் சீட்டாக எழுதி ஒட்டலாம். யார் ஒட்டியது என்று தெரியாது.

"ஒரு சீட்டு எழுதிப் பாருங்க. உங்க வீட்டு ஸ்டாப்பைப் பத்தி."

"இப்பவா? எனக்கு நேரமில்ல."

"ஒரு வரிதான்."

ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினாள். மீன் மார்க்கெட் ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கிவிடுவார்கள், வாசனை மட்டும் டிக்கெட் இல்லாமல் துறைமுகம் வரை வரும் என்று எழுதினாள். எழுதியதும் அவளுக்கே பிடித்துப்போனது. இரண்டு நாளில் முதல்முறையாக அவள் முகம் கொஞ்சம் இளகியது.

குரு படித்தாள். சிரித்தாள். மறுபடி படித்தாள்.

"நல்லாருக்கே. சந்தனமாரி எழுதுனதுன்னு நினைக்கேன்."

"அவளா? இது நான் எழுதுனதுல்லா! இப்பதானே உன் கண்ணு முன்னால எழுதுனேன்!"

"இதுல பேரு இல்லையே டீச்சர். யாரும் கேட்டா அவதான்னே சொல்லிருதேன்."

"அதெப்படிச் சொல்லுவ? நான் எழுதுனதுக்கு அவ பேரைப் போட அவ என்ன—"

ஜெசிந்தா நிறுத்தினாள்.

மின்விசிறி சுற்றியது. குரு அடுத்த கீபோர்டை எடுத்துக் கவிழ்த்தாள்.

மணி இரண்டரை.

"நீ என்னமோ மனசுல வச்சுக்கிட்டுப் பேசுத" என்றாள் ஜெசிந்தா.

"இல்லையே."

"உனக்கு யாரும் ஏதும் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. காலையில வந்து பிள்ளைங்க எழுதுனதைத் திரும்பக் கொண்டுவந்துட்டேன். ரெண்டு நிமிச வேலை. அப்ப பட்டியலைப் பார்த்தேன்."

"அதான் சிஸ்டரே பார்த்துட்டாங்களே."

"சிஸ்டர் கடைசி வரியைப் பார்த்தாங்க. நான் அதுக்கு முந்துன வரியைப் பார்த்தேன்."

குரு திரையைத் திருப்பினாள். பக்கம் வெள்ளையாவதற்கு ஆறு நிமிடம் முன்பு, அதே சந்தனமாரி பெயரில், பஸ் ஸ்டாப்புகள் வேறு வரிசையில் வைக்கப்பட்டிருந்தன.

"வாசிங்க டீச்சர்."

"நீயே வாசி."

குரு நிதானமாக வாசித்தாள். "உப்பளம். ஐஸ் கம்பெனி. கலங்கரை விளக்கம். துறைமுகம் கேட். பழைய பஸ் ஸ்டாண்ட். மாதா கோயில். மீன் மார்க்கெட். ரயில்வே கேட்."

ஜெசிந்தா தரையைப் பார்த்தாள்.

"இந்த பஸ்ல நீங்க ஏறுவியளா?"

குரு திரையில் ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுக் காட்டினாள்.

"உப்பளத்துல கிளம்பி, ஊரை ரெண்டு சுத்துச் சுத்தி, கடலுக்குப் போயி, திரும்ப ரயில்வே கேட்டுக்கு வருது. தினமும் ஏழாம் நம்பர்ல வார பிள்ளை அதைத் தூக்கி அகர வரிசையில அடுக்குமா? எனக்குத் தெரிஞ்சு இந்தப் பள்ளிக்கூடத்துல எதைக் கண்டாலும் அகர வரிசையில அடுக்குத ஆளு ஒரே ஒரு ஆளுதான்."

ஜெசிந்தாவிடமிருந்து முதலில் வந்த கேள்வி என்னவோ இதுதான்: "சிஸ்டருக்கு இது புரிஞ்சிருக்குமா?"

"இல்ல."

"நீ சொல்லப்போறியா?"

"நான் எதுக்கு வந்த ஆளு?"

"அப்படின்னா?"

"கீபோர்டு துடைக்க வந்த ஆளு."

ஜெசிந்தா எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. பயந்தவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

"உனக்கு என்னட்டி, உனக்குச் சின்ன வயசு. நான் போய் நான்தான்னு சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? ஸ்டாஃப் ரூம்ல தலை காட்ட முடியாது. அது போகட்டும். எனக்காக நான் பயப்படல."

"சரி."

"நிசமாத்தான் சொல்லுதேன். சிஸ்டர் என்ன சொன்னாங்க? ஒண்ணு நடந்தா வயரைப் பிடுங்குவேன்னாங்க. பிள்ளை செஞ்சா பிள்ளைக்குத் தண்டனை, அதோட போச்சு. டீச்சரே செஞ்சதுன்னு தெரிஞ்சா மொத்தத்தையும் மூடிருவாங்க. ஒரு வரி எழுதத் தெரியாத பிள்ளையெல்லாம் இப்ப பக்கம் பக்கமா எழுதுது. நீயே பார்த்தல்லா? ஐஸ் கம்பெனி ஸ்டாப்பைப் பத்தி அந்த ஊமைக்கொட்டான் பிள்ளை எழுதுனதை வாசிச்சு நீ அழுதியே. அதெல்லாம் போயிரும். ஒருத்திக்காக அறுபத்திரண்டு பிள்ளைங்க எழுதுததை நிறுத்தணுமா? நீயே சொல்லு. குருதானே நீ, சொல்லு!"

நல்ல கேள்வி. இரண்டு நாளாக ராத்திரியும் பகலும் அவள் தனக்குத்தானே கேட்டுப் பழகி, இப்போது ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல் வந்தது.

குரு துடைத்த கீபோர்டை மேஜைமேல் வைத்தாள்.

"அறுபத்திரண்டா டீச்சர், அறுபத்தொண்ணா?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். எண்ணிக்கை அவளுக்குத் தெரியும். வருகைப் பதிவு அவள் கையில்தான் இருந்தது.

மைதானத்தில் பி.டி. டீச்சரின் விசில் கேட்டது. பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. ஜெசிந்தா ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டியபடி நின்றாள். குருவின் கண் மட்டும் அவளைத் தாண்டி வெளியே போய்த் திரும்பியது.

மணி இரண்டு ஐம்பது.

"சிஸ்டர் என்னை என்ன சொல்லுவாங்களோ" என்றாள் ஜெசிந்தா. இப்போது குரலில் சண்டை இல்லை. "அவங்க ரூமுக்குப் போனா நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நிக்கேன். இத்தனை வயசாச்சு, இன்னும் அப்படித்தான். எப்படி ஆரம்பிக்கதுன்னே தெரியல. மன்னிச்சிருங்கன்னு ஆரம்பிக்கவா? இல்ல, கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறுன்னு ஆரம்பிச்சு, மெதுவா..."

குரு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"கோளாறு வேண்டாம். சரி. நேராவே சொல்லிருதேன். தெரியாம கை பட்டுட்டுன்னு சொல்லவா?"

"பட்டது தெரியாம."

"ஆமா."

"ரெண்டு நாளு?"

ஜெசிந்தா கண்ணை மூடித் திறந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஒரு பக்கம்தான் துடைபட்டது. அப்படியே போட்டுக்கொண்டாள். வாசல்வரை போனாள். கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"குருவே, இது ஒண்ணு மட்டும் சொல்லு. சிஸ்டர்கிட்ட முதல் வார்த்தை என்ன சொல்ல?"

குரு அடுத்த கீபோர்டை எடுத்தாள்.

"சிஸ்டர்கிட்ட அப்புறம் சொல்லிக்கிடலாம். ஆபீஸ் வெளியில பெஞ்சுல சந்தனமாரி அம்மா வந்து உக்காந்திருக்காவ."