பொந்து மரத்துக் குரல்

காட்டுக் குளத்தின் கரையில் ஓர் இலுப்பை மரம் விழுந்து கிடந்தது. உள்ளே முழுக்கப் பொந்து. அதன் ஒரு முனை குளக்கரையில் இருந்தது. மறுமுனை சரிவில் இறங்கி, பாறைக்கு அந்தப் பக்கம் போய் முடிந்தது. அவ்வளவு நீளமாகவா ஒரு மரம் இருக்கும் என்று கேட்காதீர்கள். அது நிமிர்ந்து நின்ற காலத்தில் நிலா அதன் உச்சியில் இடித்துக்கொண்டது. நிலாவில் தெரியும் கறை அந்தக் காயம்தான்!

இந்த மரத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு முனையில் முணுமுணுத்தால் மறுமுனையில் முழங்கும். எலி தும்மினால் எருமை செருமியதுபோல் கேட்கும். அதனால் யாருக்கு யாரிடம் என்ன பேச வேண்டுமானாலும் பொந்தில் வாயை வைத்துப் பேசினார்கள். நடந்துபோய் நலம் விசாரிக்கும் பழக்கமே காட்டில் ஒழிந்துபோனது.

பொந்தைவிட்டு நகராதது தவிட்டுக்குருவிதான். காதில் விழுந்ததை உடனே நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் அதற்கு இறகெல்லாம் அரிக்கும்.

"எல்லோரும் கேட்டுக்குங்க! நம்ம கோழியக்கா முட்டை வச்சிருக்கா! ஈச்சம்புதருக்கு அடியில, அஞ்சு முட்டை! வாழ்த்துங்க, வாழ்த்துங்க!" என்று ஒருநாள் அது பொந்துக்குள் கத்தியது.

காட்டுக்கோழிக்குப் பெருமை தாங்கவில்லை. போன மழையில் அதன் கூட்டை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. இந்த ஐந்து முட்டைகள்தான் இப்போது அதற்கு எல்லாம்.

மறுநாள் காலையில் கோழி குளக்கரைக்குத் தண்ணீர் குடிக்க வந்தது. பொந்திலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

"யார் அங்கே? காட்டுக்கோழிதானே?"

"ஆமாங்க. நீங்க யாருங்க?"

"யானையார் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம்! ஈச்சம்புதரில் ஐந்து முட்டை வைத்திருக்கிறாய் அல்லவா?"

கோழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'எல்லாம் தெரிஞ்சிருக்கே! பெரிய இடம்தான்!' என்று நினைத்துக்கொண்டது.

"அவற்றில் பாம்பு முட்டை கலந்திருப்பதாகப் புகார் வந்திருக்கிறது!"

"ஐயையோ! அஞ்சும் நான் போட்டதுங்க! ஒவ்வொண்ணுக்கும் கொக்கரிச்சிருக்கேன். காடே சாட்சி!"

"அதை நாங்கள் முடிவு செய்வோம். ஒரு முட்டையைப் பொந்துக்குள் உருட்டிவிடு. சோதித்துவிட்டுத் திருப்பி அனுப்புவோம். யாரிடமும் மூச்சு விடாதே! விட்டால் காட்டைவிட்டே துரத்திவிடுவோம்!"

யானையின் பெயரைச் சொன்னால் அந்தக் காட்டில் எதிர்க்கேள்வி கிடையாது. தலை குனிந்து 'ஆகட்டும்' என்பதுதான் வழக்கம். கோழியும் 'ஆகட்டும்' என்றது. ஒரு முட்டையைக் கொண்டுவந்து உருட்டிவிட்டது. அது கடகடவென்று சரிவில் போனது.

கொஞ்ச நேரத்தில் குரல் திரும்ப வந்தது. "இது நல்ல முட்டைதான். ஆனால் மற்றவை மேல் சந்தேகம் கூடிவிட்டது. நான்கையும் உருட்டு!"

"அந்த ஒண்ணைத் திருப்பித் தந்துடுவீங்களா?"

"ஐந்தும் சேர்ந்துதான் திரும்பும். அதுதான் சட்டம்! சீக்கிரம்!"

மறுமுனையில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது ஓர் உடும்பு. அதன் சொந்தக் குரல், குடத்துக்குள் மாட்டிக்கொண்ட கொசுவின் குரல்தான். பொந்து மரம் அதைப் பெரிய அதிகாரியின் குரலாக்கிவிட்டது.

கோழி அழுதுகொண்டே அடுத்த முட்டையை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்தது. தவிட்டுக்குருவி அதைப் பார்த்துவிட்டது.

"என்னக்கா, முட்டையை வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களா?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது!"

"சொல்லக்கூடாததா? அப்போ உடனே சொல்லுங்க! இறகு அரிக்குதுல்ல!"

கோழியால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. குருவி தலையைச் சாய்த்து யோசித்தது.

"அக்கா, உங்க வால் ஏன் நனைஞ்சிருக்கு?"

"யானையார் காலையிலேருந்து குளத்துல குளிக்கிறாரே. அந்தத் தண்ணி தெறிச்சுது."

"அவர் இங்கே குளிக்கிறார்னா, அங்கே அவர் பேரைச் சொல்லி அதட்டுறது யாரு? அவரையே கேட்டுடலாம் வாங்க!"

"ஐயோ, அவர்கிட்டயே கேள்வியா? மிதிச்சுடுவாரு!"

"கேட்கலைன்னா மட்டும் முட்டை மிஞ்சுமா? வாங்கக்கா!"

இரண்டும் தண்ணீர் ஓரமாகப் போய் நின்றன. கோழி நடுங்கிக்கொண்டே கேட்டது. யானை காதை விசிறிச் சிரித்தது.

"எனக்கு ஆபீஸா? முதுகு தேய்ச்சுவிடவே எனக்கு ஆள் இல்லை! நான் தின்கிறது தழை. உன் முட்டையை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்ணுவேன்?"

பக்கத்துப் புதரிலிருந்து ஒரு கௌதாரி தயங்கித் தயங்கி வெளியே வந்தது. "என் முட்டை எல்லாம் இப்படித்தான் போச்சு. வெட்கமா இருந்துச்சு. அதான் யார்கிட்டயும் சொல்லலை."

"திருடினவன்தான் வெட்கப்படணும், நீ ஏன் படுற?" என்று குருவி சீறியது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது. "புதர் எது, முட்டை எத்தனைன்னு ஊருக்கே அறிவிச்சது நான்தான். நானும் கொஞ்சம் வெட்கப்படணும்."

அதற்குள் பொந்து அதட்டியது. "என்ன தாமதம்? உருட்டு!"

கோழி பொந்தருகே ஓடியது. பின்னால் வந்த யானைக்குச் சாடை காட்டிவிட்டு உள்ளே குரல் கொடுத்தது.

"இதோ, எல்லாம் ஒண்ணா வருதுங்க! நழுவிடப் போகுது. தலையை நல்லா உள்ளே விட்டு, வாயைத் திறந்து வாங்கிக்குங்க!"

"அப்படிச் சொல்லு! ஆ... திறந்தாச்சு!"

யானை குளத்துத் தண்ணீரைத் தும்பிக்கை நிறைய உறிஞ்சியது. பொந்தில் தும்பிக்கையை வைத்தது. தண்ணீரும் பிளிறலும் ஒன்றாகப் பாய்ந்தன! பாறைக்கு அந்தப் பக்கம் உடும்பு மூன்று பனை உயரம் பறந்து, ஒரு கள்ளிப் புதரில் போய் விழுந்தது. நாலு கெளுத்தி மீன்களும் கூடவே விழுந்தன.

அதுவரை உடும்புக்கும் யானையைப் போலவே பெரிய காதுமடல்கள் இருந்தன. அன்று பறந்தவை பறந்தவைதான். இன்றும் உடும்பு நாக்கை நீட்டி நீட்டி எதையோ துழாவிக்கொண்டே நடக்கிறதே, அது காதைத் தேடுகிற தேடல்தான்! சந்தேகமிருந்தால் ஓர் உடும்பைப் பிடித்துக் காதுமடல் இருக்கிறதா என்று பாருங்கள்.

போன முட்டை திரும்பவில்லை. அதை நினைத்துக் கோழி பல நாள் அழுதது. ஆனால் மற்ற நான்கிலிருந்தும் குஞ்சுகள் வந்தன. தவிட்டுக்குருவி அவற்றைப் பார்த்தது. இறகெல்லாம் அரித்தது. பொந்துப் பக்கம் மட்டும் போகவில்லை!

பொந்து மரம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. பேச்சும் நடக்கிறது. ஆனால் 'யானையார் அலுவலகம்' என்று யாராவது சொன்னால், எல்லோரும் நேரே யானையிடம் போய்க் கேட்டுவிடுகிறார்கள். கேட்க வருபவர்கள் முதுகைத் தேய்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை.

முகம் காட்டாத குரல் ஒன்று நம்மைப் பயமுறுத்தி, 'யாரிடமும் சொல்லாதே' என்று அவசரப்படுத்தினால், முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும்.