மாற்று அச்சு யார் வண்டியில்?

முன்னொரு காலத்தில், கடற்கரைக்கும் மலைக்கும் நடுவே உப்பு வண்டி ஓட்டிப் பிழைத்த ஒரு கூட்டம் இருந்தது, கேளுங்கள். வேட்டன் அதற்குத் தலைவன். ஆறு வண்டி உப்பை மலையூரில் கொடுத்து நெல் வாங்கி வந்தால்தான் அவன் குப்பத்தில் மழைக்காலம் முழுக்க உலை கொதிக்கும்.

வேட்டனுக்கு ஒரு பெருமை. "நம்ம கூட்டத்துல இது என் வேலை, அது உன் வேலைங்கிற பேச்சே கிடையாது" என்பான். கடைசி வண்டி ஓட்டும் கொற்றி ஒருநாள், "நான் எதைப் பாத்துக்கணும் அண்ணே?" என்று கேட்டாள். அவனுக்குச் சுருக்கென்றது. "எல்லாத்தையும்தான் தாயி" என்று அவள் வாயை அடைத்துவிட்டான்.

பயணம் கிளம்பியது. முதல் நாள், மூன்று பேர் மூன்று முறை பருத்திவிதை வைத்ததில் மாடுகள் வயிறு வீங்கிப் படுத்துவிட்டன. இரண்டாம் நாள், குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. எடுத்துவர மற்றவர் போயிருப்பார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். நல்ல மனசு இருக்கிற இடத்தில் இதெல்லாம் சகஜம் என்று சிரித்து மழுப்பினான் வேட்டன், பாவம்.

மூன்றாம் நாள், மலையேற்றத்தில் முன்வண்டியின் அச்சு மடாரென்று முறிந்தது. ஒற்றை வண்டிப் பாதை. பின்னால் ஐந்து வண்டிகளும் நின்றன. மேற்கே மேகம் கறுத்தது.

"மாத்து அச்சு எந்த வண்டியில இருக்கு?" என்று கத்தினான் வேட்டன்.

"பூதன் ஏத்தியிருப்பான்னு இருந்தேன்" என்றான் இரண்டாம் வண்டி ஓட்டும் சாத்தன்.

"கொற்றி ஏத்தியிருப்பாள்னு இருந்தேன்" என்றான் அடுத்த வண்டி ஓட்டும் பூதன்.

"நீங்க ஏத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன் அண்ணே" என்றாள் கொற்றி.

மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஓடிவந்து முன்வண்டிக்கே பாய் போட்டு மூடினார்கள். நல்ல மனசுக்குத்தான் குறைவே இல்லையே! பின்னால் நின்ற ஐந்து வண்டி உப்பும் கரைந்து, பதறிக் கீழே இறங்கி வந்த வேட்டனின் காலடியில் ஓடியது. அதில் நின்றுகொண்டு அவன் வாய்விட்டு அழுதான்.

"நீ கேட்டதுக்கு அன்னைக்கே பதில் சொல்லியிருக்கணும் தாயி."

அந்த மழைக்காலம் குப்பத்தில் ஒருவேளைக் கஞ்சிதான்.

அடுத்த பயணத்துக்கு முன் அவன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தான். தீனி சாத்தன் பொறுப்பு, தண்ணீர் பூதன் பொறுப்பு, அச்சு கொற்றி பொறுப்பு. அவரவர் வண்டிப் பாய் அவரவருக்கு. "கை கொடுக்க எல்லாரும் வாங்க. ஆனா கேட்டா பதில் சொல்ல ஒருத்தர் இருக்கணும்" என்றான்.

அதே ஏற்றத்தில், அதே கருமேகத்தின் கீழ், மறுபடியும் ஓர் அச்சு முறிந்தது. வேட்டன் பின்னால் திரும்பிக் கத்தினான்.

"மாத்து அச்சு?"

ஒரே ஒரு குரல்தான் வந்தது.

"என் வண்டியில இருக்கு அண்ணே, இதோ தூக்கிட்டு வர்றேன்."

முதல் தூறல் விழுமுன் ஆறு வண்டிகளும் மலையூர் சேர்ந்தன.

ஆகையால், பலர் கூடிச் செய்யும் காரியத்தில் எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்பதைப் புறப்படும் முன்பே பெயர் சொல்லி வைத்துவிட வேண்டும்.